வீட்டுத் தானியங்கி அமைப்புக்கு சென்ட்ரல் கன்ட்ரோலர் பொருத்துவது எப்படி? குமரி மாவட்ட வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக எழும் வீடுகளில் ஸ்மார்ட் சுவிட்ச், வைஃபை பல்பு, கேமரா என்று ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு தனிச் செயலி. ஒன்றுக்கு ஒன்று பேசாது. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, வீட்டில் வயதான அப்பா அம்மா மட்டும் இருப்பார்கள். அவர்களிடம் நாலு செயலியைக் காட்டி "இதை அழுத்துங்க, அதை அழுத்துங்க" என்று சொல்வது நியாயமில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு சிறிய கணினிதான் சென்ட்ரல் கன்ட்ரோலர். விளக்கு, மின்விசிறி, மோட்டார், கேமரா, சென்சார் எல்லாம் இதனிடம் தகவல் சொல்லும். இது முடிவெடுத்துக் கட்டளை அனுப்பும். இந்த வழிகாட்டியில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பாலஸ் ஸ்கூட்சன் என்பவர் 2013-ல் தொடங்கியது, இலவசம். தமிழ்நாட்டில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளோடு சேர்ந்து ஓடும். எல்லாவற்றையும் விட, அது இணையத்தை நம்பி இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களில் உறுதியாக இருங்கள். இணையம் போனாலும் வீடு வழக்கம்போல ஓட வேண்டும். கன்ட்ரோலரே செத்துப்போனாலும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஓக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோம். அப்படிப்பட்ட ஊரில் இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து எதையும் கட்டக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டை மனதில் வைத்துத்தான்.

எந்தக் கருவி வாங்குவது?

மூன்று வழி இருக்கிறது. ஹோம் அசிஸ்டென்ட் கிரீன் என்று அந்த மென்பொருளின் குழுவே விற்கும் பெட்டி ஒன்று. மென்பொருள் ஏற்றியே வரும், 4 ஜி.பி. ரேம், 32 ஜி.பி. சேமிப்பு. பிளக் செய்தால் போதும். அடுத்தது ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்ற கையளவுக் கணினி. மூன்றாவது, இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள சிறிய மினி பி.சி.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் வாக்கு மினி பி.சி.க்குத்தான். உள்ளேயே எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வட்டு இருக்கும், மின்சாரம் குறைவாகவே இழுக்கும், நாளை கேமரா பதிவு சேர்த்தாலும் திணறாது. கையில் ஏற்கெனவே ராஸ்பெர்ரி பை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். ஹோம் அசிஸ்டென்ட் நொடிக்கு நொடி எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும், எழுதும்போது கரண்டு போனால் கார்டு கெட்டுவிடும். நம் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? யு.எஸ்.பி. வழியாக ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். அடாப்டரும் சரியானதாக இருக்கட்டும்: பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்ப், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்ப். போன் சார்ஜரை மாட்டி ஓட்டினால் காரணமே தெரியாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும்.

பை 4-ல் இன்னொரு சங்கதி. அதில் கடிகாரத்துக்கான பேட்டரி கிடையாது. கரண்டு போய் வந்தபின் இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை அதற்குச் சரியான நேரம் தெரியாது. கரண்டு வந்தும் இணையம் வரவில்லை என்றால் "மாலை 6 மணிக்கு முற்றத்து விளக்கு" என்று நீங்கள் எழுதி வைத்தது தவறான வேளையில் நடக்கும். பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மினி பி.சி.யில் இந்தக் கவலையே இல்லை.

இதோடு ஒரு ஜிக்பீ யு.எஸ்.பி. டாங்கிள் (ஜிக்பீ என்பது சென்சாரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும், வைஃபை போன்ற ஒரு கம்பியில்லா முறை), ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள், ரவுட்டருக்கு இழுக்க ஒரு லேன் கேபிள் வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் எதற்கு என்று பிறகு சொல்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இடமும் மின்சாரமும்

கன்ட்ரோலரை எங்கே வைப்பது என்பதில் அவசரப்பட வேண்டாம். வீட்டின் நடுப்பகுதி, ரவுட்டருக்குப் பக்கம், தரையிலிருந்து உயரத்தில், காற்றோட்டமான இடம். இரும்பு அலமாரிக்குள் வைத்தால் ரேடியோ அலை வெளியே வராது. மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் வைத்தால் சித்திரை வெயிலில் வெந்துவிடும். குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலோரத்தில் வீடு என்றால் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். உப்புக்காற்று முதலில் தாக்குவது யு.எஸ்.பி. முனைகளையும் வயர் இறுக்கும் திருகுகளையும்தான். பச்சை பூத்த முனை ஒன்று இருந்தால் போதும், சென்சார்கள் வருவதும் போவதுமாக இருக்கும்.

அடுத்தது இன்வெர்ட்டர். கன்ட்ரோலர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பயனில்லை. பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும்: யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று. நார்மலில் இருந்தால் கரண்டு போகும் கணத்தில் மின்விசிறிக்கு ஒன்றும் தெரியாது, கணினி அணைந்துவிடும். யு.பி.எஸ். மோடில் மாறும் நேரம் மிகக் குறைவு. முதலில் அதைப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றும் கன்ட்ரோலருக்குப் பொருந்தும் வோல்ட்டும் போதுமான ஆம்பும் உள்ள இன்னொன்றும் வாங்குங்கள்.

இடி. குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையடிவார ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடைமழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பிற்பகலில் இடியோடு வரும். மெயின் போர்டில், இடியால் திடீரென எகிறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அது வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அதை வைத்துப் பலனில்லை. எர்த் குழியை எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. இவ்வளவு செய்தபிறகும், இடி பக்கத்தில் உறுமினால் கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் பத்திரம். பிடுங்கினாலும் வீடு ஓடும்படி நாம் கட்டப்போகிறோம் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

மென்பொருள் ஏற்றுதல்

இந்தப் பகுதியை நினைத்துத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். உண்மையில் எளிதான பகுதி இதுதான்.

ராஸ்பெர்ரி பை என்றால், லேப்டாப்பில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை இறக்குங்கள். உங்கள் பை எந்த மாடல் என்று தேர்ந்தெடுத்து, இயங்குதளப் பட்டியலில் ஹோம் ஆட்டோமேஷன் பிரிவுக்குள் போனால் ஹோம் அசிஸ்டென்ட் ஓ.எஸ். இருக்கும். எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுத்து எழுதவிடுங்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் எல்லாம் அழியும்.

மினி பி.சி. என்றால் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் மூன்று மாற்றம்: யு.ஈ.எஃப்.ஐ. பூட் ஆன், செக்யூர் பூட் ஆஃப், கரண்டு வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு. இந்த மூன்றாவதை மறந்தால், நள்ளிரவில் கரண்டு போய் வந்தபின் யாராவது எழுந்து போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். பிறகு உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் சும்மா ஓட்டி, அதற்குள்ளிருந்து ஹோம் அசிஸ்டென்ட் தளத்தில் பொதுவான எக்ஸ்86-64 என்று கொடுத்திருக்கும் இமேஜ் கோப்பை உள் எஸ்.எஸ்.டி.யில் எழுதுங்கள்.

லேன் கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். கன்ட்ரோலரை வைஃபையில் ஓட்ட வேண்டாம், கேபிள்தான் நம்பகமானது. முதல் முறை ஆன் ஆகும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும், இருபது நிமிடம்கூட ஆகலாம். அதுவரை பிளக்கைத் தொடாதீர்கள். அப்புறம் அதே வைஃபையில் இருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து homeassistant.local:8123 என்ற முகவரியை இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வரவேற்புப் பக்கம் வரும். பெயர், கடவுச்சொல் கொடுத்து, வரைபடத்தில் உங்கள் வீட்டை வையுங்கள். இடத்தைச் சரியாக வைப்பது முக்கியம். சூரியன் மறையும் நேரத்தை அதிலிருந்துதான் அது கணக்கிடும். குமரியில் ஆண்டு முழுக்க சூரிய அஸ்தமன நேரம் சுமார் முக்கால் மணி நேரத்துக்குள்தான் நகரும், என்றாலும் முற்றத்து விளக்கைக் கடிகார நேரத்தில் வைப்பதை விடச் சூரியனை வைத்து எழுதுவதே மேல்.

உடனே செய்ய வேண்டிய இன்னொன்று: ரவுட்டருக்குள் போய் இந்தக் கன்ட்ரோலருக்கு ஒரே ஐ.பி. முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் கரண்டு போய் வந்தபின் முகவரி மாறி, பாதி கருவிகள் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஜிக்பீ வலை

வைஃபை பல்புகளை நிறைய மாட்டினால் ரவுட்டர் திணறும். அதனால் சென்சார்களுக்கும் சுவிட்சுகளுக்கும் ஜிக்பீ நல்லது. புதிதாக வாங்கும்போது, வெவ்வேறு நிறுவனக் கருவிகள் சேர்ந்து ஓடுவதற்கான பொதுத் தரமான மேட்டரின் முத்திரை இருந்தால் அதையும் எடுக்கலாம், ஹோம் அசிஸ்டென்ட் ஏற்கும்.

ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. கணினியின் யு.எஸ்.பி. 3 துளையும் அதே இடத்தில் இரைச்சல் போடும். எக்ஸ்டென்ஷன் கேபிள் கேட்டது இதற்காகத்தான்: டாங்கிளைக் கணினியிலிருந்து தள்ளி, முடிந்தால் யு.எஸ்.பி. 2 துளையில் மாட்டுங்கள். "சென்சார் அடிக்கடி துண்டிக்கிறது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான்.

ரவுட்டரில் வைஃபை சேனல் "ஆட்டோ" என்று இருக்கும். அதை 1-ல் நிலையாக வைத்து, ஜிக்பீக்கு 20 அல்லது 25 கொடுங்கள். வைஃபை 11-ல் இருந்தால் ஜிக்பீக்கு 15. இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் சேனலை மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும்.

இணைக்கும் வரிசையும் உண்டு. கரண்டில் ஓடும் ஜிக்பீ கருவிகள் அலையை அடுத்த கருவிக்குக் கடத்தும், பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. ஆகவே சுவிட்ச் மாட்யூல், பிளக் ஆகியவற்றை முதலில், அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து இணையுங்கள். கதவு சென்சார், அசைவு சென்சார் எல்லாம் கடைசியில். பழைய வீடுகளின் கனத்த சுவரும், கான்கிரீட் மாடியும் அலையை நன்றாகவே மறிக்கும். மாடிக்கு ஒரு ஜிக்பீ பிளக் வைத்துவிட்டால் வழி திறக்கும்.

இணைத்தவுடன் பெயர் வைத்துவிடுங்கள். "அடுக்களை விளக்கு", "கிணற்று மோட்டார்" என்று வீட்டில் பேசும் பெயரே போதும்.

சுவிட்ச் போர்டுக்குள்

இங்கே நீங்கள் கைவைக்க வேண்டாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வரட்டும், மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரால் பார்த்தபிறகு வேலை நடக்கட்டும். ஆனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பல எலக்ட்ரீஷியன்களுக்கு இந்த மாட்யூல் புதிது.

இருக்கும் சுவிட்சைக் கழற்றித் தொடுதிரை சுவிட்ச் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சுவிட்சுக்குப் பின்னால் கட்டளை வந்தால் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ஒரு ரிலே மாட்யூலை ஒளித்து வைத்து, பழைய சுவிட்சை அதற்குக் கட்டளை கொடுக்கும் சுவிட்சாக மாற்றுவதே நல்லது. கிழவிக்குப் பழகிய சுவிட்ச் பழகிய இடத்திலேயே இருக்கும். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் மாட்யூல் பொருத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா, "மக்களே, இந்தப் பெட்டி கெட்டுப்போனா எனக்கு லைட்டு எரியுமா எரியாதா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். அதைவிடச் சரியான கேள்வி இல்லை. மாட்யூல் வாங்கும் முன் கடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.

மாட்யூலுக்குப் ஃபேஸோடு நியூட்ரலும் வேண்டும். பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் நியூட்ரல் இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இல்லாமல் இருக்கலாம். இங்கேதான் கவனம்: இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரே போர்டுக்குள் இன்வெர்ட்டர் ஃபேஸும் நேரடி ஃபேஸும் இருக்கும். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. இரண்டு இருந்தால், விளக்கின் ஃபேஸ் ஒன்றிலிருந்தும் மாட்யூலின் நியூட்ரல் மற்றதிலிருந்தும் வந்துவிட்டால் விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். மாட்யூல் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எந்த ஃபேஸோ, அதே சுற்றின் நியூட்ரல்தான். இதை எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சுவிட்ச் வயர் இணைக்கும் முனைகளில் சில மாட்யூல்களுக்கு ஃபேஸ் கொடுக்கவே கூடாது, சிலவற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்க்காமல் கை வைத்தால் மாட்யூல் கருகும்.

மின்விசிறிக்கு விளக்கின் டிம்மரைப் போடக்கூடாது, முனகும், சூடாகும். வேகத்தைக் கட்டுப்படுத்த மின்விசிறிக்கென்றே செய்த மாட்யூல் வேண்டும். பி.எல்.டி.சி. விசிறி ரிமோட்டில் ஓடுவது என்றால் ரிமோட் போலச் சிக்னல் அனுப்பும் ஒரு ஐ.ஆர். பிளாஸ்டர் போதும், போர்டைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு மாட்யூலிலும் "கரண்டு வந்தபின் என்ன நிலை" என்று ஓர் அமைப்பு இருக்கும். விளக்குகளுக்கு "முன்பிருந்த நிலை" என்று வையுங்கள். இல்லாவிட்டால் அதிகாலை மூன்று மணிக்குக் கரண்டு வரும்போது எல்லா அறையிலும் விளக்கு எரிந்து வீடே எழுந்துவிடும். மோட்டாருக்கு எப்போதும் "ஆஃப்".

மோட்டார்

நம் வீடுகளில் தானியங்கி அமைப்பால் உண்மையில் நிம்மதி கிடைக்கும் இடம் மோட்டார்தான். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு வயதானவர்கள் ஓடி வந்து சறுக்கி விழுவது, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் காய்ந்து ஓடுவது, இரண்டையும் தடுக்கலாம். ஆபத்து அதிகம் உள்ள இடமும் இதுதான்.

விளக்குக்குப் போடும் ரிலே மாட்யூலில் மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள், அதில் 16 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் சரி. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போனில் ஆஃப் என்று காட்டும், கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். 230 வோல்ட் காயில் உள்ள ஒரு கன்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) வாங்கி, மோட்டார் கரண்டு அதன் வழியே போகட்டும். ரிலே அந்தக் காயிலை மட்டும் இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே, மின்பொறியை அடக்கும் ஓர் ஆர்.சி. ஸ்னப்பர் வைத்தால் ரிலே நீண்ட நாள் உழைக்கும். போர்வெல் மோட்டாருக்குப் பச்சைப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் கிளம்பும் பேனல் இருந்தால், அதை இப்படி இயக்க முடியாது. தானாகக் கிளம்பும் பேனலாக மாற்ற வேண்டும்.

டேங்க் அளவுக்கு மீயொலி சென்சார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நீர்புகாத வகை சென்சார்கள் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதை அளக்காது. டேங்க் நிரம்பும் கடைசிக் கட்டத்தில்தான் அது குருடாகும். சென்சாரை மூடிக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்று போனில் பார்க்க அது நல்லது. நிறுத்தும் பொறுப்பை மட்டும் ஒரு சாதாரண மிதவை சுவிட்சிடம் கொடுங்கள், அதைக் கன்டாக்டர் காயிலோடு தொடராக இணையுங்கள். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்கும். அந்த மிதவை 230 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் அந்தச் சுற்றுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

இரண்டாவது பாதுகாப்பு நேரம். உங்கள் டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை பாருங்கள், அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, அந்த நேரம் ஆனதும் தானாக அணையும்படி ரிலே கருவிக்குள்ளேயே எழுதி வையுங்கள். ஹோம் அசிஸ்டென்ட்டில் எழுதினால் போதாது. அது ஆன் கட்டளை கொடுத்துவிட்டு அணைந்துபோனால், ஆஃப் சொல்ல ஆளில்லை. ரிலே கருவிக்குள் ஓடும் மென்பொருள்களான டாஸ்மோட்டா, ஈ.எஸ்.பி.ஹோம் இரண்டிலும் இந்த வசதி உண்டு.

மூன்றாவது, மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று வயரைச் சுற்றி மாட்டி அளக்கும் கிளாம்ப். தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்ப் வழக்கத்தை விடக் குறைவாக இழுக்கும். பங்குனி, சித்திரையில் கிணறு வற்றும்போது இது மோட்டாரைக் காப்பாற்றும். அளவு குறைந்து சில நொடி நீடித்தால் நிறுத்து, போனுக்குச் செய்தி அனுப்பு, மனிதர் பார்க்கும்வரை மறுபடி போடாதே என்று எழுதுங்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க

வெளியிலிருந்து யாரும் கன்ட்ரோலரை எட்டும்படி ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும் பழைய வழியை விட்டுவிடுங்கள். அது பாதுகாப்பில்லை, தவிர இங்கே பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால் வேலையும் செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற வி.பி.என். (உங்கள் போனுக்கும் வீட்டுக்கும் இடையே பூட்டிய தனி இணைப்பு) இலவசமாகக் கிடைக்கிறது, ஹோம் அசிஸ்டென்ட்டுக்குள்ளேயே நிறுவலாம். ஆனால் வளைகுடா நாடுகள் சிலவற்றில் வி.பி.என். மீது கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள், வி.பி.என். இல்லாமலே வெளியிலிருந்து பார்க்க உதவும் ஹோம் அசிஸ்டென்ட் கிளவுடுக்குச் சந்தா கட்டிவிடுவது உத்தமம். எதுவானாலும் இருபடிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று, அதில் பெரிய எழுத்தில் நாலைந்து பொத்தான் மட்டும்.

கேமராவை வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் அங்கே வாழ்பவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். பெற்றோரானாலும் அது அவர்கள் வீடு.

பேக்கப்

செட்டிங்ஸ், சிஸ்டம், பேக்கப்ஸ் என்று போய் தினமும் தானாக எடுக்கும்படி வையுங்கள். ஒரு நகல் கூகுள் டிரைவிலோ வேறு கணினியிலோ இருக்கட்டும். பேக்கப் பூட்டப்பட்டிருக்கும், அதன் திறவுகோல் எழுத்தை அப்போதே இறக்கி, அச்செடுத்து வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் திறக்க முடியாது.

சோதனை

எல்லாம் முடிந்தபின் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள். கன்ட்ரோலர் அணையாமல் ஓடியதா? பத்து நிமிடம் கழித்து ஆன் செய்து, விளக்குகள் பழைய நிலைக்கு வந்தனவா, மோட்டார் அணைந்தே இருந்ததா என்று பாருங்கள். பிறகு ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டு, மாலை விளக்கும் அசைவு சென்சாரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் அந்தக் கருவி வெளிநாட்டு சர்வரைக் கேட்டுத்தான் விளக்கைப் போடுகிறது, மாற்றிவிடுங்கள். கடைசியாகக் கன்ட்ரோலர் பிளக்கையே பிடுங்கிவிட்டு, வீட்டில் இருக்கும் மூத்தவரை அழைத்து ஒவ்வொரு சுவிட்சையும் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். மிதவை சுவிட்சைக் கையால் தூக்கி மோட்டார் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த எம்.சி.பி. எதற்கு, மாட்யூல் எந்தெந்த போர்டில், கன்டாக்டரை விலக்கிவிட்டு மோட்டாரை நேரடியாகப் போடும் சுவிட்ச் இருந்தால் அது எது. ஐந்து வருடம் கழித்து வரும் புது எலக்ட்ரீஷியன் உங்களை வாழ்த்துவார்.

அப்டேட்

ஹோம் அசிஸ்டென்ட் மாதம் ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடும். வந்த அன்றே ஏற்ற வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, பழையதோடு பொருந்தாத மாற்றங்கள் என்று கொடுத்திருக்கும் பகுதியில் உங்கள் கருவிகளின் பெயர் இருக்கிறதா என்று படித்து, பேக்கப் எடுத்தபின் ஏற்றுங்கள். துபாயில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் அம்மா தனியாக இருக்கும் இரவில் அதைச் செய்யாதீர்கள். தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிறு பகலில் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்கி மாட்ட ஓர் ஆள் இருப்பார்.